தண்டுவடம்: கடத்துவது மட்டுமா அதன் வேலை?

மூளை ஆணையிடுகிறது, உடம்பு நிறைவேற்றுகிறது, நடுவில் இருக்கும் தண்டுவடம் செய்தியை மேலும் கீழும் கொண்டுபோகிறது. நரம்பு மண்டலத்தைப் பற்றி நம்மில் பலர் மனத்தில் தங்கியிருக்கும் சித்திரம் இவ்வளவுதான். சுவரில் பதித்த மின்கம்பி போல அதை நினைத்துக்கொள்கிறோம். கம்பி அறுந்தால் விளக்கு எரியாது. தண்டுவடம் அறுந்தால் கால் நடக்காது. இதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியை விட்டுவிட்டால் சில எளிய கேள்விகளுக்குக்கூட விடை கிடைக்காது. கழுத்து முறிந்து, கால்களில் உணர்வே இல்லாமல் போன ஒருவரின் முழங்காலில் மருத்துவர் தட்டினால் கால் ஏன் துள்ளுகிறது? மாரடைப்பு வந்தவருக்கு இடது கை ஏன் வலிக்கிறது? அக்கி ஏன் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகப் படர்கிறது? இடித்துக்கொண்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி ஏன் தணிகிறது? இவற்றுக்கெல்லாம் விடை தண்டுவடத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. அந்த அமைப்பைப் பொறுமையாகப் பார்த்தால், வந்த செய்தியைப் பிரித்து, வடிகட்டி, பல தசைகளின் வேலையை ஒன்றுசேர்த்துத் தரும் செயல்மையம் அது என்பது தெரியவரும். மூளை ‘நட’ என்கிறது. எந்தத் தசை எப்போது இறுகி எப்போது தளர வேண்டும் என்ற கணக்கில் பெரும்பங்கைத் தண்டுவடம் பார்த்துக்கொள்கிறது.

முதலில் அளவும் இருப்பிடமும். பெரியவர்களின் தண்டுவடம் ஏறத்தாழ 42 முதல் 45 சென்டிமீட்டர் நீளம். எடை சுமார் 35 கிராம். மண்டையோட்டின் அடியிலுள்ள பெரிய துளை வழியாக முகுளத்தின் தொடர்ச்சியாக இறங்கி, முள்ளெலும்புகள் அடுக்கி உண்டான குழாய்க்குள் அது தங்கியிருக்கிறது. சுற்றிலும் மூன்று உறைகள்; உள்ளிருக்கும் இரண்டு உறைகளுக்கு நடுவே மூளைத் தண்டுவடத் திரவம். முதுகெலும்பு வேறு, தண்டுவடம் வேறு. இரண்டும் ஒரே நீளமும் இல்லை. கருவின் மூன்றாம் மாதம் வரை தண்டுவடம் குழாயின் முழு நீளத்துக்கும் நீண்டிருக்கிறது. பிறகு எலும்பு வேகமாக வளர, தண்டுவடம் பின்தங்குகிறது. பிறந்த குழந்தைக்கு மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பு வரை எட்டும் அதன் நுனி, பெரியவர்களுக்கு முதலாம் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குழாய்க்குள் இருப்பது, கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகும் நரம்பு வேர்களின் கற்றைதான். உடற்கூறியலார் அதற்குக் ‘குதிரைவால்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த நீள வித்தியாசத்தால் ஒரு நன்மையும் உண்டு, ஓர் ஆபத்தும் உண்டு. 1891இல் ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிஷ் குவின்கே இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே ஊசி செலுத்தித் திரவத்தை எடுக்கும் முறையை வெளியிட்டார். 1898இல் ஆகஸ்ட் பீர் அதே வழியில் மருந்து செலுத்தி இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார். இன்று சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசி அந்த வழிவந்ததுதான். அந்த ஊசி தண்டுவடத்தைக் குத்திவிடுமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். ஊசி போடும் உயரத்தில் பெரியவர்களுக்குத் தண்டுவடமே இல்லை. திரவத்தில் மிதக்கும் வேர்கள் மட்டும் இருக்கின்றன. இனி ஆபத்து. பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுபவர்களுக்கு மார்புப் பகுதியும் இடுப்புப் பகுதியும் சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் எலும்பு முறிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அது நடுமுதுகுக்குச் சற்றுக் கீழே. ஆனால் அந்த எலும்புகளுக்குப் பின்னால் இருப்பவை, கால்களையும் சிறுநீர், மலக் கட்டுப்பாட்டையும் கவனிக்கும் தண்டுவடத்தின் கடைசிப் பகுதிகள். சில சென்டிமீட்டருக்குள் இவ்வளவு பொறுப்புகள் நெருங்கிக் கிடப்பதால், அங்கே ஏற்படும் சிறு நசுங்கலும் பெரிய இழப்பாகிறது.

தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெளிப்புறம் வெண்மையாகவும், உள்ளே பட்டாம்பூச்சி வடிவில் சாம்பல் நிறமாகவும் இருக்கும். வெண்பகுதி என்பது கொழுப்புறை போர்த்திய நரம்பிழைகள்; செய்தி கடத்தும் வேலை இவற்றுடையது. சாம்பல் பகுதியில் இருப்பவை நரம்பு செல்களின் உடல்கள். கம்பி என்ற எண்ணத்துக்கு முதல் அடி இங்கே விழுகிறது. கடத்துவது மட்டுமே வேலையாக இருந்தால் நடுவில் இத்தனை செல்கள் எதற்கு? அவற்றில் பெரும்பாலானவை தண்டுவடத்தை விட்டு வெளியே போவதே இல்லை. பக்கத்துச் செல்லிடமிருந்து வாங்கி அடுத்த செல்லுக்குக் கொடுக்கும் இடைச்செல்கள் அவை. ஸ்வீடன் நாட்டு உடற்கூறியலாளர் பிரோர் ரெக்செட் 1950களின் தொடக்கத்தில் பூனையின் தண்டுவடத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, சாம்பல் பகுதி ஒரே குழம்பாக இல்லை, செல்களின் அளவும் அடர்த்தியும் மாறும் 10 அடுக்குகளாகப் பிரிந்திருக்கிறது என்று காட்டினார். மனிதத் தண்டுவடத்தையும் அந்த வரிசைப்படிதான் இன்று விவரிக்கிறார்கள். முதுகுப்பக்கமுள்ள பின்கொம்பின் மேலடுக்குகள் வலியையும் சூட்டையும் வாங்குகின்றன. ஆழமான அடுக்குகள் தொடுதலையும் மூட்டு, தசை நிலைகளையும் கவனிக்கின்றன. வயிற்றுப்பக்கமுள்ள முன்கொம்பில் தசைகளை இயக்கும் செல்கள் இருக்கின்றன. முன்கொம்புக்குள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு. உடலின் நடுப்பகுதித் தசைகளை இயக்குபவை உள்பக்கமாகவும், கை கால் தசைகளை இயக்குபவை வெளிப்பக்கமாகவும் அமைந்திருக்கின்றன.

தண்டுவடத்தின் பருமனும் இதற்குச் சாட்சி. மேலே போகப்போக வெண்பகுதி கூடிக்கொண்டே போகிறது. கீழிருந்து ஏறும் இழைகள் வழியெல்லாம் சேர்கின்றன, மேலிருந்து இறங்குபவை வழியெல்லாம் பிரிகின்றன என்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதே. சாம்பல் பகுதியோ அப்படிச் சீராகக் கூடவில்லை. கழுத்தருகே ஒரு முறையும் இடுப்பருகே ஒரு முறையும் புடைத்து, இரண்டுக்கும் நடுவே மார்புப் பகுதியில் மெலிந்திருக்கிறது. முதல் புடைப்பு கைகளுக்கு, இரண்டாவது கால்களுக்கு. கையும் காலும் நுணுக்கமாக வேலை செய்ய வேண்டியவை. அவற்றுக்கு அதிகச் செல்கள் வேண்டும். எத்தனை இழைகள் கடந்து போகின்றன என்பதைப் பொறுத்து வெண்பகுதியும், எவ்வளவு வேலை நடக்கிறது என்பதைப் பொறுத்துச் சாம்பல் பகுதியும் பருக்கின்றன.

தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் புறப்படுகின்றன: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே திரிகப் பகுதியில் 5, வாலெலும்புப் பகுதியில் 1. ஒவ்வொரு நரம்புக்கும் முன்வேர், பின்வேர் என இரண்டு வேர்கள். பிரிட்டனின் சார்லஸ் பெல் 1811இல் முன்வேருக்கும் அசைவுக்கும் உள்ள தொடர்பைக் கவனித்தார். பிரான்ஸின் பிரான்சுவா மஜான்டி 1822இல் பின்வேர் உணர்வுக்கு, முன்வேர் இயக்கத்துக்கு என்று சோதனையால் தெளிவாக நிறுவினார். பின்வேர் ஒவ்வொன்றும் தோலின் ஒரு குறிப்பிட்ட பட்டையிலிருந்து உணர்வைக் கொண்டுவருகிறது. முலைக்காம்பின் மட்டம் நான்காம் மார்பு நரம்புக்கு, தொப்புள் மட்டம் பத்தாவதற்கு, சுண்டுவிரல் கழுத்தின் எட்டாவதற்கு. சிறுவயதில் வந்த சின்னம்மையின் கிருமி பின்வேரின் நரம்பு முடிச்சில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, உடம்பு தளரும்போது அந்த ஒரே நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. அக்கிக் கொப்புளங்கள் முதுகிலிருந்து நெஞ்சு வரை ஒரே பக்கத்தில் பட்டையாக வந்து, நடுக்கோட்டில் நின்றுவிடுவதன் காரணம் இதுதான். உள்ளுறுப்புகளின் உணர்வும் இதே வாசல்கள் வழியாகவே நுழைகிறது. இதயத்திலிருந்து வரும் வலியிழைகள் சேரும் மேல்மார்புப் பகுதிகளிலேயே கையின் உட்புறத் தோலின் உணர்வும் வந்து சேர்கிறது. இரண்டும் ஒரே செல்களைத் தட்டி எழுப்புவதால், மூளை அதைக் கைவலியாக எடுத்துக்கொள்கிறது. குடல்வால் அழற்சியின் முதல் வலி தொப்புளைச் சுற்றித் தோன்றுவதும் இப்படியே. காப்பிட்ட கம்பிகளில் செய்திகள் கலப்பதில்லை. தண்டுவடத்தில் அவை சந்திக்கின்றன, கூடுகின்றன, சில நேரம் குழம்பவும் செய்கின்றன.

கடத்தும் வேலையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. மூளையின் புறணியிலிருந்து இறங்கும் இயக்கப் பாதையில் பக்கத்துக்குச் சுமார் 10 லட்சம் இழைகள். அவற்றில் 10இல் 8, 9 பங்கு முகுளத்தின் அடிப்பகுதியில் பக்கம் மாறி, எதிர்ப்பக்கத் தண்டுவடத்தில் இறங்குகின்றன. மேலேறும் பாதைகளுக்கு வேறு கணக்கு. தொடுதலையும் மூட்டு நிலையையும் சொல்லும் இழைகள் நுழைந்த பக்கத்திலேயே முகுளம் வரை ஏறி, அங்கேதான் பக்கம் மாறுகின்றன. வலியையும் சூட்டையும் கொண்டுபோகும் பாதையோ தண்டுவடத்துக்குள்ளேயே, நுழைந்த உயரத்தை ஒட்டியே பக்கம் மாறிவிடுகிறது. மொரீஷியஸில் பிறந்த மருத்துவர் பிரௌன் சேக்கார் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் விவரித்த ஒரு விசித்திரம் இதனால்தான் உண்டாகிறது. கத்திக்குத்தில் தண்டுவடத்தின் ஒரு பாதி மட்டும் அறுபட்டால், காயத்துக்குக் கீழே அதே பக்கத்தில் அசைவும் நுட்பமான தொடுவுணர்வும் போகும். எதிர்ப்பக்கத்தில் வலியும் சூடும் தெரியாமல் போகும். எந்தப் பக்கம் எது போயிருக்கிறது என்று பார்த்தே மருத்துவரால் காயத்தின் இடத்தைக் குறித்துவிட முடிகிறது.

கம்பி அல்ல என்பதற்கு வலுவான சான்று, கை கால் செயலிழப்பிலேயே இரண்டு வகை இருப்பது. வெறும் கம்பியாக இருந்தால் எங்கே அறுந்தாலும் விளைவு ஒன்றாக இருக்க வேண்டும். போலியோ கிருமி முன்கொம்பின் இயக்கச் செல்களைத் தேடி அழிக்கிறது. மூளை நலமாக இருக்கும், தோலில் உணர்வும் இருக்கும். ஆனால் அந்தக் கால் துவண்டு, தசை சூம்பி, முழங்காலில் தட்டினாலும் அசையாது. கழுத்திலோ மார்பிலோ தண்டுவடம் அறுபட்டவரின் நிலை வேறு. தொடக்கத்தில் சில நாட்களோ வாரங்களோ கால்கள் துவண்டுதான் கிடக்கும். பிறகு, அசைக்க முடியாத அதே கால்கள் விறைக்கத் தொடங்கும். முழங்கால் அனிச்சை முன்னைவிடத் துடிப்பாகத் திரும்பி வரும். உள்ளங்காலைக் கீறினால் கால் முழுவதும் மடங்கும். காயத்துக்குக் கீழேயுள்ள தண்டுவடம் செத்துப்போகவில்லை. மூளையின் கட்டுப்பாடு விலகியதால் தன் போக்கில் இயங்குகிறது. முதல் வகையில் செயல்மையமே அழிந்தது. இரண்டாம் வகையில் மையத்துக்கும் மூளைக்கும் தொடர்பு அறுந்தது.

இங்கே ஒரு தடை எழுப்பலாம். அனிச்சைச் செயல் என்பது தட்டினால் துள்ளும் இயந்திரச் செயல்தானே, அதைக் கொண்டு தண்டுவடத்துக்குத் திறமை கற்பிப்பது மிகையல்லவா? முழங்கால் அனிச்சையை மட்டும் பார்த்தால் தடை நியாயமே. தசையின் நீட்சியை உணரும் செல்லுக்கும் தசையை இயக்கும் செல்லுக்கும் நடுவே ஒரே ஒரு சந்திப்புதான். ஆனால் அந்த எளிய செயலிலும் தொடையின் முன்தசை இறுகும்போது பின்தசை தளர்த்தப்படுகிறது. இல்லாவிட்டால் கால் நீளாது. காலில் முள் தைத்தால் அந்தக் கால் மேலே வர, மறுகால் அதே நொடியில் விறைத்து உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. வலி தெரிவதற்கு முன்பே இவ்வளவும் முடிந்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டை விரிவாக ஆராய்ந்த ஆங்கிலேயர் சார்லஸ் ஷெரிங்டன் 1906இல் வெளியிட்ட நூலில், நரம்பு மண்டலத்தின் முதன்மை வேலையே ஒருங்கிணைப்பது என்று வாதிட்டார். 1932இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1911இல் தாமஸ் கிரகாம் பிரௌன் இன்னும் ஒரு படி மேலே போனார். தண்டுவடம் மூளையிலிருந்து துண்டிக்கப்பட்டு, காலிலிருந்து வரும் உணர்வு வேர்களும் அறுக்கப்பட்ட பூனையில்கூட, கால் தசைகள் மாறி மாறி இறுகித் தளரும் நடையின் தாளம் தோன்றுவதைக் காட்டினார். மேலிருந்து ஆணை இல்லை, வெளியிலிருந்து தூண்டுதலும் இல்லை. ஆனாலும் தாளம் பிறக்கிறது. தட்டினால் துள்ளுவதாக இதைச் சுருக்க முடியாது.

வலியின் விஷயத்திலும் அப்படியே. ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் 1965இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: பின்கொம்பில் ஒரு கதவு இருக்கிறது, தொடுவுணர்வைக் கொண்டுவரும் தடித்த இழைகள் அதை மூடப் பார்க்கின்றன, வலியைக் கொண்டுவரும் மெல்லிய இழைகள் திறக்கப் பார்க்கின்றன. அவர்கள் வரைந்த சுற்றின் சில விவரங்கள் பிற்கால ஆய்வுகளில் நிற்கவில்லை. ஆனால் வலி மூளைக்குப் போகும் முன்பே தண்டுவடத்தில் கூட்டவோ குறைக்கவோ படுகிறது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. இடித்த முழங்கையைத் தேய்ப்பது இதனால்தான் பலன் தருகிறது. மூளைத்தண்டிலிருந்து இறங்கும் பாதைகளும் இதே இடத்தில் வலியை அடக்குகின்றன. மார்ஃபின் போன்ற மருந்துகள் வேலை செய்யும் இடங்களில் இந்தப் பின்கொம்பும் ஒன்று.

இதற்காகத் தண்டுவடம் சிந்திக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொன்னவரும் உண்டு. தலை நீக்கிய தவளையின் முதுகில் அமிலம் வைத்தால் அந்தப் பக்கத்துக் காலால் துடைக்கும், அந்தக் காலை வெட்டிவிட்டால் மறுகாலைக் கொண்டு துடைக்க முயலும் என்பதைக் கண்ட ஜெர்மன் அறிஞர் எட்வார்ட் ஃப்ளூகர், தண்டுவடத்துக்கும் ஒருவகை உணர்வறிவு உண்டு என்று 1853இல் வாதிட்டார். அவர் கண்டது சரி, முடிவு தேவைக்கு மேற்பட்டது. செல்கள் பின்னிய விதத்திலேயே மாற்றுவழி அமைந்திருந்தால் போதும். அறிவு தனியாக வேண்டியதில்லை. எதற்காக நடக்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பது மூளையின் வேலையாகவே இருக்கிறது.

இன்னும் கடினமான தடை ஒன்று உண்டு. நடையின் தாளம் தண்டுவடத்தில் இருக்கிறது என்றால், தண்டுவடம் அறுபட்ட மனிதர் ஏன் நடப்பதில்லை? பூனைக்குப் பொருந்துவது மனிதனுக்குப் பொருந்துமா? நான்கு காலில் நிற்கும் விலங்கைவிட, இரண்டு காலில் நிமிர்ந்து நடக்கும் மனிதன் சமநிலைக்கும் கால்வைப்புக்கும் மூளையை அதிகம் நம்பியிருக்கிறான். மேலும், தண்டுவடச் சுற்றுகள் விழித்திருக்க மேலிருந்து ஓயாத ஒரு தூண்டுதல் வேண்டும். அது நின்றதும் அவை அடங்கிவிடுகின்றன. அப்படியானால் அந்தத் தூண்டுதலை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன நடக்கும்? 1998இல் டிமிட்ரியெவிச்சும் அவர் குழுவினரும், தண்டுவடம் முற்றிலும் அறுபட்டவர்களின் இடுப்புப் புடைப்புக்குப் பின்னால் சீரான மின்துடிப்பு கொடுத்தபோது, படுத்திருந்தவர்களின் கால்களில் அடியெடுத்து வைப்பது போன்ற அசைவு எழுந்ததைப் பதிவு செய்தார்கள். 2018இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் கிரெகுவார் கூர்தீன், ஜோசலின் பிளோக் குழுவினர், காயத்துக்குப் பின்னும் சில இழைகள் எஞ்சியிருந்த மூவருக்குத் தண்டுவடத்தின் குறிப்பிட்ட இடங்களில் நேரம் பார்த்து மின்துடிப்பு கொடுத்து, தாங்குகருவியின் துணையோடு அவர்களை நடக்க வைத்தார்கள். இங்கே மின்சாரம் முதன்மையாகச் செய்வது தசையை நேரடியாக இழுப்பதல்ல. பின்வேர் வழியே நுழையும் உணர்விழைகளைத் தூண்டி, கீழேயிருக்கும் சுற்றுகளை எழுப்புகிறது. இது எல்லோருக்கும் பலிக்கும் சிகிச்சையாக இன்னும் ஆகவில்லை. ஆனால் எழுப்புவதற்குக் கீழே ஒன்று இருக்கிறது என்பதை இது உறுதிசெய்துவிட்டது.

மையமே அழிவதற்கும் மூளையோடு தொடர்பு மட்டும் அறுவதற்கும் உள்ள வேறுபாடு மருத்துவமனையில் நோயாளியின் அன்றாடத்தையே மாற்றுகிறது. சிறுநீர்ப்பையை இயக்கும் மையம் திரிகப் பகுதியின் 2, 3, 4ஆம் பிரிவுகளில் இருக்கிறது. காயம் அதற்கு மேலே என்றால் பை தானாகச் சுருங்கும், ஆனால் வாயில் சரியாகத் திறக்காது. மையமே நசுங்கியிருந்தால் பை துவண்டு நிரம்பி வழியும். இரண்டுக்கும் கவனிப்பு வேறு. இதைக் கவனிக்காத காலத்தில் சிறுநீரகத் தொற்றாலும் படுக்கைப்புண்ணாலும் பெரும்பாலோர் இறந்துபோனார்கள். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் இந்த நிலையை மாற்றத் தொடங்கினார். 1948இல் அங்கே அவர் நடத்திய சக்கர நாற்காலி விளையாட்டுப் போட்டிதான் பாராலிம்பிக்காக வளர்ந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ், 1954இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து, பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, அத்துறையை அங்கே வளர்த்தார்.

ஆகவே விபத்து நடந்த இடத்திலும் வீட்டிலும் நாம் செய்ய வேண்டியவை இரண்டு. மூச்சை இழுக்கும் உதரவிதானத்தை இயக்கும் செல்கள் கழுத்தின் 3, 4, 5ஆம் பிரிவுகளில் இருக்கின்றன. எலும்பு விலகிய கழுத்து இன்னும் சற்று மடங்கினால் மூச்சே நின்றுவிடக்கூடும். விழுந்து கிடப்பவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி ஏற்றுவதைப் போல ஆபத்தான உதவி வேறில்லை. உடனடி ஆபத்து ஏதும் சூழாதவரை அவரை அசைக்காமல், தலையையும் கழுத்தையும் ஒரே நேர்கோட்டில் பிடித்துக்கொண்டு, 108ஐ அழைத்துக் காத்திருக்க வேண்டும். அடுத்தது, அறுபட்டபின் எல்லாம் முடிந்தது என்று வீட்டின் மூலையில் படுக்கவைத்துவிடாதிருப்பது. கம்பி என்று நம்பினால் அப்படித்தான் முடிவெடுப்போம். அறுந்த கம்பியில் பயிற்சிக்கு என்ன வேலை? காயத்துக்குக் கீழே செல்களும் சுற்றுகளும் உயிரோடு இருக்கின்றன, வரும் உணர்வுக்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன என்று தெரிந்தால், மூட்டுகள் இறுகாமல் காப்பதும், விறைப்பை அடக்குவதும், சிறுநீர்ப்பைக்கு நேரம் பழக்குவதும், எஞ்சிய இழைகளுக்குத் தினமும் பயிற்சி கொடுப்பதும் பொருளுள்ள சிகிச்சை என்பது புரியும். இன்று பயிற்சியால் காக்கப்படும் கால்களுக்குத்தான் நாளை வரப்போகும் மின்தூண்டல் முறைகளும் பயன்படும்.